குட்டை டேலியா: தொட்டியிலும் ஓரப்பாத்தியிலும் வளர்க்க முழுமையான வழிகாட்டி

டேலியா மலையில்தான் வரும், சமவெளி வெயிலுக்குச் சரிப்படாது என்று பலர் ஆசையை ஓரம் கட்டிவிடுகிறார்கள். கோவையிலும் சேலத்திலும் சென்னையிலும் பனிக்காலத்தில் தொட்டி நிறையப் பூக்கும் செடி இது. வளர்த்துத் தோற்றவர்களின் மாடிகளில் நான் பார்த்தவரை, பெரும்பாலும் குற்றவாளி வெயில் இல்லை. வேலைகளை வரிசை மாற்றிச் செய்திருப்பார்கள். மார்ச்சில் கிழங்கு வாங்கி, பெரிய தொட்டியில் நட்டு, முளை வருவதற்கு முன்பே தினமும் தண்ணீர் ஊற்றி, நாலு இலை வந்ததும் உரம் போட்டால் செடி நெடுநெடுவென்று வளரும். கடைசியில் ஒன்றிரண்டு பூவோடு முடிந்துபோகும்.

இங்கே சொல்வதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குள் நிற்கும் குட்டை ரகங்களுக்கு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கும் உயர ரகங்களுக்கு முட்டுக்கொடுப்பது, மொட்டுக் கழிப்பது என்று வேறு வேலைகள் உண்டு. அவை இதில் இல்லை.

1. பூக்க வேண்டிய மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

விதை வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. குட்டை டேலியா விதையிலிருந்து பூவுக்கு வர ஏறக்குறைய 10 முதல் 12 வாரம் ஆகும். பூக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோவை, சேலம், திருச்சி, மதுரை போன்ற உள் மாவட்டங்களில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதைத்தால் டிசம்பர் பிற்பகுதியில் முதல் பூவைப் பார்க்கலாம். பிப்ரவரி முடியும்வரை தொடரும். மார்ச் வெயில் ஏறியதும் பூ சிறுத்து, இலை ஓரம் கருகத் தொடங்கிவிடும்.

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பிரச்சினை. அதற்காக மழை முழுவதும் ஓயட்டும் என்று டிசம்பர்வரை காத்திருந்தால் பருவம் கைவிட்டுப் போய்விடும். அக்டோபர் முதல் வாரத்தில் கூரைக்கடியில் விதைத்து, நாற்றுகளைச் சின்னத் தொட்டியில் மழை படாமல் வளர்த்து, நவம்பர் கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது டேலியா கிழங்கில் சேமிக்கத் தொடங்கும். டிசம்பர் கடைசியில் சென்னையில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் நன்றாகக் கிளைத்துவிட்ட செடி பூத்துக்கொண்டே இருக்கும். அப்போதுதான் நாலு இலையோடு நிற்கும் செடியோ கிழங்கைப் பெருக்குவதிலேயே கவனமாக இருந்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு கணக்கு வேறு. அங்கே மே மாத மலர்க் கண்காட்சிச் சமயத்தில் பூ வேண்டும் என்றால் பிப்ரவரியில் விதைக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் நாற்று வைக்காதீர்கள். ஒரே இரவில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கிவிடும்.

2. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பனிக்கால வெயிலைப் பாருங்கள்

டேலியாவுக்குத் தினமும் குறைந்தது 5, 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். சமவெளியில் அது காலை வெயிலாக இருந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நிழல் விழுந்தால் அருமை. மலையில் நாள் முழுவதும் வெயில் பட்டாலும் தாங்கும்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் பார்த்துவைத்த வெயில் ஜனவரியில் அங்கே இருக்காது. பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த பால்கனியில் வெயில் உள்ளேவரை விழும். வடக்குப் பார்த்த பால்கனியில் நேரடி வெயில் அநேகமாக இல்லை. மாடியிலும் தெற்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டிகள் சுவரின் நிழலில் கிடக்கும். அவற்றை வடக்குச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

காற்றையும் கவனியுங்கள். டேலியாவின் தண்டு உள்ளே குழல் போன்றது, சட்டென்று ஒடியும். உயரமான அடுக்குமாடியில் நேராகக் காற்று அறையும் மூலை வேண்டாம்.

3. விதையா, கிழங்கா, நர்சரிச் செடியா?

முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் விதையைத்தான் சொல்வேன். ஃபிகாரோ போன்ற குட்டைக் கலவை ரகங்களின் விதை இங்கே கிடைக்கிறது, விலையும் குறைவு. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று நிறங்கள் கலந்து வரும். எந்த நாற்றில் எந்த நிறம் என்று பூக்கும்வரை தெரியாது. குறிப்பிட்ட ஒரு நிறம்தான் வேண்டும் என்றால் கிழங்கோ, தளிரை வெட்டி வேர்பிடிக்க வைக்கும் வெட்டுத்துண்டோதான் வழி; விதையில் நிறம் அப்படியே திரும்பி வராது.

கிழங்கு வாங்கினால் அதன் தலைப்பகுதியைப் பாருங்கள். பழைய தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில்தான் முளை கிளம்பும் கண் இருக்கும். உருளைக்கிழங்கில் இருப்பதைப் போல உடம்பெல்லாம் கண் இருக்காது. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. இணையத்தில் வாங்கிய கிழங்குகள் பல இந்த ஒரு காரணத்தால்தான் மண்ணுக்குள்ளேயே அழுகுகின்றன. கழுத்து முழுசாக, தொட்டால் கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள்.

நீல டேலியா என்று படம் போட்டு விற்கும் விதைக்குக் காசு கொடுக்காதீர்கள். டேலியாவில் நீலம் கிடையாது. கறுப்பு டேலியா என்று சொல்வதும் அடர்ந்த மெரூன்தான்.

ஜனவரியில் நர்சரியில் பூவோடு நிற்கும் செடியை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, ரகம் குட்டையா என்பது. தொட்டிச் செடிகளை வளர்ச்சி அடக்கும் மருந்து கொடுத்துக் குள்ளமாக வைத்து விற்பது உண்டு. மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி உயர ஆரம்பிக்கும். இன்னொன்று, நிழல்வலைக்குள் வளர்ந்ததா என்பது. அப்படியானால் நேராக மொட்டை மாடி வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் அரை நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

4. விதைப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

தொட்டி, மண் கலவை, குழித்தட்டு எல்லாம் கையில் வந்த பிறகு விதையைப் பிரியுங்கள். நாற்று மாற்றும் பருவத்துக்கு வந்துவிட்டபின் மண் தேடி அலைந்தால் அது குழியிலேயே வேர் சுருண்டு நின்றுபோகும்.

ஒரு செடிக்கு 10 அங்குலத் தொட்டி போதும். 14 அங்குலத் தொட்டியில் மூன்று செடி வைக்கலாம், பார்க்கவும் அது நன்றாக இருக்கும். மண்தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், ஆனால் சீக்கிரம் காயும். கறுப்பு நிற வளர்ப்புப் பைகள் பிற்பகலில் சூடேறுவதால் அவற்றின் மேற்குப் பக்கத்தில் வேறு ஒரு தொட்டியை மறைப்பாக வையுங்கள்.

மண் கலவை அளவு: செம்மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 1 பங்கு, மணல் அரைப் பங்கு. 10 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இரண்டு தேக்கரண்டி எலும்புத்தூளும் சேர்க்கலாம். இதோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு தேக்கரண்டி கலந்து, நிழலில் ஈரப்பதத்தோடு ஒரு வாரம் வைத்திருந்தால் வேரழுகலுக்கு நல்ல தடுப்பு.

கோகோபீட் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். தென்னை நாரில் உப்பு இருக்கும். நாற்றின் இலை நுனி கருகுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

வடிகால் துளை மேல் வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்று போதும். அடியில் மூன்று அங்குலத்துக்கு ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடுக்குகளுக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேர் இருக்கும் இடம் சகதியாகும். அத்தோடு வேருக்கான மண்ணும் அந்த அளவுக்குக் குறைகிறது.

கலவையை நிரப்பியதும் செடி இல்லாமலேயே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளமாக நிற்காமல் உள்ளே இறங்கி, சற்று நேரத்தில் துளை வழியாக வர வேண்டும். நின்றால் மணலைக் கூட்டுங்கள். செடி வைத்த பிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

5. விதைப்பதும் நாற்று வளர்ப்பதும்

குழித்தட்டில் கோகோபீட்டும் மண்புழு உரமும் சம அளவில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து, அரை சென்டிமீட்டர் மூடினால் போதும். ஆழமாகப் போனால் முளை மேலே வரத் திணறும். பூவாளியில் மெல்லத் தெளித்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். 5 முதல் 10 நாளில் முளைக்கும். பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நின்றால் முளைப்புத் திறன் குறையும். செப்டம்பர் தொடக்கத்தில் அவசரப்பட்டு விதைப்பவர்களுக்குப் பாதி குழி காலியாக இருப்பது இதனால்தான்.

முளை தெரிந்த அன்றே தட்டைக் காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். நிழலிலேயே விட்டால் தண்டு நூல்போல நீண்டு சாயும், அப்படி நீண்டதைப் பிறகு குட்டையாக்க முடியாது. நாற்றழுகல் வருவதும் இந்தப் பருவத்தில்தான். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நைந்து, நாற்று ஒட்டுமொத்தமாகப் படுத்துவிடும். மேல்மண் லேசாக வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது.

முதலில் வரும் விதையிலைகளுக்குப் பிறகு, உண்மை இலை இரண்டு ஜோடி வந்ததும் 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். நேராக 10 அங்குலத் தொட்டியில் வைக்கத் தோன்றும், வேண்டாம். சின்ன வேர் குடிக்காத தண்ணீர் அத்தனை மண்ணிலும் தேங்கிக் கிடந்து வேரை அழுக வைக்கும். சின்னத் தொட்டியின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால், அதுதான் பெரிய தொட்டிக்கு மாற்றும் நேரம்.

6. கிழங்கிலிருந்து தொடங்கினால்

தொட்டியில் முக்கால் பாகம் மண் நிரப்பி, கிழங்கைப் படுக்கை வாட்டில், கண் மேலே பார்க்கும்படி வைத்து, 5 முதல் 8 சென்டிமீட்டர் மண் மூடுங்கள். மண் லேசான ஈரத்தில் இருந்தால் அதுவே போதும். முளை மேலே தெரியும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் இல்லாத கிழங்கு தண்ணீரை உறிஞ்சாது, ஊறி அழுகத்தான் செய்யும். புதியவர்கள் கிழங்கை இழப்பது ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு மூன்று வாரக் காத்திருப்பில்தான். மண் தூசியாகக் காய்ந்துபோனால் மட்டும் ஓரமாகக் கொஞ்சம் தெளிக்கலாம். மழை படும் இடத்தில் வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குட்டை ரகத்துக்கு முட்டு பொதுவாக வேண்டாம். காற்றடிக்கும் மாடி என்றால் மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் குச்சி எங்கே போகிறது என்று தெரியாது, கிழங்கைத் துளைத்துவிடும்.

7. ஓரப்பாத்தியில் நடுவது

கோவைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் டேலியாவை நேராக நடாதீர்கள். ஈரம் பிடித்தால் நாள்கணக்கில் விடாது. செம்மண்ணும் தொழு உரமும் கொட்டி, பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நடைபாதையை ஒட்டிய பக்கம் செங்கல்லைச் சாய்த்துப் பதித்தால் மண் சரியாது. நீலகிரியில் மண் அமிலத்தன்மை கொண்டது. நடுவதற்குச் சில வாரம் முன்பு டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடுவது நல்லது.

செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். நட்ட அன்று இந்த இடைவெளி பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். இடையில் இன்னொன்றைச் சொருகக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் இலைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். நெருக்கி நட்ட பாத்தியில் காற்று உள்ளே போகாமல் சாம்பல் நோய் முதலில் வரும்.

நிற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த வேலை. கலவை விதையில் நிறம் முன்கூட்டித் தெரியாது என்பதால், நாற்றுகளை 6 அங்குலத் தொட்டியிலேயே வைத்திருந்து, முதல் மொட்டு நிறம் காட்டிய பிறகு பாத்திக்கு மாற்றுகிறேன். வேர் உருண்டை கலையாமல் இறக்கினால் செடி வாடாது. அப்போது ஒரே நிறத்தில் மூன்று மூன்றாகச் சேர்த்து வைக்கலாம். ஆளுக்கொரு நிறமாகக் கலந்து நட்டால் தூரத்திலிருந்து எதுவும் பதியாது. அடர்சிவப்பும் மெரூனும் பொழுது சாய்ந்தால் இருட்டோடு கலந்துவிடும். அலுவலகம் முடிந்து மாலையில் தோட்டம் பார்ப்பவர்கள் வெள்ளையையும் மஞ்சளையும் வாசல் பக்கம் வைக்கலாம்.

பாத்தியில் காய்ந்த இலை மூடாக்கு இரண்டு அங்குலம் போடுங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள், ஈர மூடாக்கு ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் ஒரு வார்த்தை: டேலியாவை மென்றால் அவற்றுக்கு வயிற்றுக் கோளாறும் தோல் எரிச்சலும் வரும். எட்டாத இடமாகப் பாருங்கள்.

8. நுனி கிள்ளுவது

இந்தப் படியைத்தான் மனசு வராமல் தாண்டிவிடுகிறார்கள். செடியில் நாலு ஜோடி இலை வந்ததும், மூன்றாவது ஜோடிக்கு மேலே நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதும் ஒவ்வோர் இலை இடுக்கிலிருந்தும் ஒரு கிளை கிளம்பும். ஆறு கிளை வந்தால் ஆறு முதல் மொட்டு. கிள்ளாத செடியில் நடுத்தண்டில் ஒரு பூ முந்திக்கொண்டு வரும், பக்கக் கிளைகள் சோம்பிப்போகும்.

இதனால் முதல் பூ இரண்டு வாரம்போலத் தள்ளிப்போகும். அந்த இரண்டு வாரத்தையும் முதல் படியில் நாள் குறிக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். தானாகவே கிளைக்கும் ரகம் என்று உறையில் எழுதியிருந்தாலும் ஒரு தடவை கிள்ளுவது செடியை உருண்டையாக்கும். மொட்டு வந்த பிறகு கிள்ளுவதில் பயனில்லை.

9. தண்ணீர்: வாடலைப் பார்த்து ஊற்றாதீர்கள்

காலையில், இலை நனையாமல், தொட்டியின் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். அடுத்த தடவை எப்போது என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். ஒரு விரல்கணு ஆழத்தில் மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரம் ஒட்டினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பூக்கும் பருவத்தில் சமவெளி மாடியில் அநேகமாகத் தினமும் தேவைப்படும்.

ஜனவரி பிற்பகலில், இரண்டு மணிவாக்கில், டேலியாவின் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்ப்பீர்கள். மேல் இலைகள் மடங்கி, பூக்காம்புகூடச் சற்று வளைந்திருக்கும். பார்த்ததும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றத் தோன்றும். முதலில் மண்ணைத் தொடுங்கள். ஈரம் இருந்தால், வேர் கொடுக்கும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகம் என்று அர்த்தம். வெயில் தாழ்ந்ததும் ஐந்து, ஐந்தரைக்குள் தானாக நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஊற்றிக்கொண்டே போனால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அப்புறம் வாடுவது உண்மையான வாடல். அது மாலையிலும் நிமிராது, தண்டின் அடியும் கறுத்திருக்கும். மண் ஈரமாக இருந்தும் மறுநாள் காலையிலும் செடி துவண்டே நின்றால் தண்ணீரை உடனே நிறுத்தி, தொட்டியைக் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள்.

தினமும் துவளுகிறது என்றால் நிழலைக் கூட்ட வேண்டுமே தவிர தண்ணீரை அல்ல.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை படியும். மாதம் ஒரு தடவை மழைநீர் அல்லது நல்ல தண்ணீரைத் தொட்டி அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

10. உரம்

தழைச்சத்து அதிகமானால் இலை அடர்த்தியாக, கரும்பச்சையாக வளரும், பூ வராது. நுனி கிள்ளியதிலிருந்து மொட்டு தெரியும்வரை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து 10 நாளைக்கு ஒரு தடவை கொடுக்கலாம். மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்தி, பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், அதே இடைவெளியில். ரசாயனம் வேண்டாதவர்கள் தொடக்கத்தில் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கொடுத்து, மொட்டுப் பருவத்தில் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீன் அமிலத்தை மொட்டு வந்த பிறகு கொடுக்காதீர்கள், அதில் தழைச்சத்துதான் மேலோங்கி இருக்கும். விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, ஆனால் அது மண்ணின் காரத்தன்மையையும் ஏற்றும். ஏற்கெனவே காரமான மண்ணுக்கு வேண்டாம்.

உரம் எப்போதும் ஈர மண்ணுக்குத்தான். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றினால் வேர் நுனி கருகும்.

11. பூத்து முடிந்ததை வெட்டுவது

பூக்கள் எத்தனை வாரம் தொடரும் என்பதை இந்த வேலைதான் தீர்மானிக்கிறது. முதிர்ந்த பூவைச் செடியிலேயே விட்டால் விதை கட்டப் போய்விடும், புது மொட்டு குறையும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கத்தரிக்கோலோடு ஒரு சுற்று வர வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், டேலியாவில் இதழ் உதிர்ந்த பூவும் புது மொட்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மொட்டையெல்லாம் வெட்டிவிட்டு, செடி பூக்கவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பாருங்கள். மொட்டு சட்டைப் பொத்தானைப் போல உருண்டு, மேல்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டி. முதிர்ந்தது கூம்பாக, மேல்நோக்கிக் கூர்த்திருக்கும். அழுத்தினால் மெத்தென்று இருக்கும், சில நேரம் ஈரம்கூடக் கசியும். நுனியில் பழுப்பேறிய இதழ் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டை என்றால் விடுங்கள், கூம்பு என்றால் வெட்டுங்கள்.

பூவின் கழுத்தில் வெட்டி மொட்டைக் காம்பை நிறுத்தி வைக்காதீர்கள். காம்பைத் தொடர்ந்து கீழே போய், பக்கக் கொழுந்து தெரியும் இலைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கொழுந்துதான் அடுத்த பூவைக் கொண்டுவரும்.

சாமி படத்துக்கோ குவளைக்கோ பறிப்பது என்றால் நன்றாக விரிந்த பூவைக் காலையில் பறியுங்கள். டேலியா மொட்டு பறித்த பிறகு விரியாது.

12. பூச்சியும் நோயும்

அசுவினி கொழுந்திலும் மொட்டின் கழுத்திலும் அடையாக உட்காரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே முக்கால்வாசியைக் கழுவிவிடலாம். மிஞ்சியதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு. பட்டப்பகலில் அடித்தால் இலை பொசுங்கும்.

பிப்ரவரியில் இலைகள் மங்கி, மேலே ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் நகரும் சிவப்புப் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. வறட்சிதான் இதற்குப் பிடித்த சூழல். இலையின் அடிப்பக்கம் நனையும்படி காலையில் தண்ணீர் தெளிப்பது நல்ல பலன் தரும். மோசமான இலைகளைப் பறித்து மூடிய பையில் போட்டுவிடுங்கள்.

சாம்பல் நோய் கீழ் இலைகளில் மாவு தூவியதுபோல வரும். அந்த இலைகளை எடுத்து, செடிகளுக்கிடையே காற்று போக வழி செய்யுங்கள். மலையில் நத்தைதான் பெரிய எதிரி. புது முளையை ஒரே இரவில் காலி செய்துவிடும். மாலையில் ஈரச் சாக்கைப் பாத்தி ஓரம் போட்டுவைத்துக் காலையில் திருப்பினால் கூட்டமாக அகப்படும்.

தேமல் நோய் மட்டும் தனி. இலை நரம்பை ஒட்டி மஞ்சள் பட்டை ஓடும், செடி குன்றிப்போகும். இது வைரஸ், மருந்து கிடையாது. அசுவினி இதைப் பரப்பும், கத்தரிக்கோலும் பரப்பலாம். கிழங்கிலும் தங்கிவிடும் என்பதால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் செடியைக் கிழங்கோடு அப்புறப்படுத்துங்கள். அதிலிருந்து வெட்டுத்துண்டு எடுக்க வேண்டாம்.

13. பூ முடிந்த பிறகு

சமவெளியில் மார்ச் வாக்கில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். செத்துப்போனதாக நினைத்துத் தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், கீழே கிழங்கு இருக்கிறது. தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, தண்டு காய்ந்ததும் 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தண்டு குழலாக இருப்பதால் வெட்டிய வாயில் தண்ணீர் இறங்கினால் நேராகக் கழுத்தை அழுக வைக்கும். அதனால் கோடை மழை படாத நிழலான இடத்தில், தொட்டியோடு படுக்கவைத்துவிடுவது சுலபம்.

தொட்டி வேறு செடிக்கு வேண்டும் என்றால் கிழங்கைக் கழுத்து ஒடியாமல் தோண்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த கோகோபீட் நிறைத்த அட்டைப்பெட்டியில் புதைத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சுருங்கினால் கோகோபீட்டில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், மெத்தென்று ஆனதை எறிந்துவிடுங்கள். உறைபனி விழும் மலைப்பகுதியில் பனிக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

கிழங்கைப் பிரிக்கும் அவசரம் வேண்டாம். செப்டம்பரில் கண் புடைத்து இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிந்த பிறகு, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயை ஒரு நாள் காயவிட்டு நடுங்கள்.

பிடித்த நிறத்தைப் பெருக்க வெட்டுத்துண்டுதான் வேகமான வழி. முளைத்த தளிர் 7, 8 சென்டிமீட்டர் வந்ததும், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணலும் கோகோபீட்டும் கலந்த குழித்தட்டில் செருகி நிழலில் வையுங்கள். கணுவிலிருந்துதான் வேர் சுலபமாகக் கிளம்பும். கணுவுக்கு மேலே வெட்டிய துண்டின் குழல்வாய் அழுகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்ப்பு தெரிய வேண்டும். தெரிந்ததும் 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, அதன்பிறகு விதை நாற்றுக்குச் சொன்ன அதே வரிசையில் போகலாம்.